துக்கம் கேட்க ஒரு பயணம்

நம் ஊர்களில் ஒரு வீட்டில் மௌத்து நேர்ந்துவிட்டால், அடுத்து நடக்க வேண்டியவற்றை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்த அரைமணி நேரத்தில் வாசலில் நாற்காலிகள் வந்து சேரும். கபன் துணி வாங்க ஒருவர் கடைத்தெருவுக்குப் போவார். கபர் தோண்டுவோரைத் தேடி இன்னொருவர் போவார். அந்த வீட்டு அடுப்பு எரியாது. மூன்று நாள்களுக்கு அண்டை வீட்டாரும் சம்பந்த வீட்டாரும் முறைவைத்துச் சோறு அனுப்புவார்கள். ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி மதீனாவுக்கு வந்தபோது, அவர்களின் குடும்பத்தாருக்கு உணவு சமைத்துக் கொடுக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அந்த ஏவல்தான் நம் தெருக்களில் வழக்கமாக வேரூன்றி நிற்கிறது.

மௌத்து ஓர் ஊரிலும் மகன் வேறொரு நாட்டிலுமாக இருந்தால் என்ன செய்வது? அந்த மகனுடைய அடுப்பை யார் அணைப்பது? 2019ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது, ஒரு வார இறுதியில் சிங்கப்பூர் சென்று வந்தேன். இந்தக் கேள்வி எனக்குப் புரிந்தது அந்த இரண்டு நாள்களில்தான்.

சிங்கப்பூரில் இருந்த நண்பரும் நானும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியில் மூன்றாண்டுகள் ஒரே விடுதி அறையில் இருந்தவர்கள். அவர் கீழக்கரை, நான் பள்ளபட்டி. நான் தந்தையை அத்தா என்பேன். அவர் வாப்பா என்பார். அவர் ஷாபிஈ, நான் ஹனஃபி. இந்த வேற்றுமைகளைச் சொல்லிச் சொல்லியே சிரித்துப் பழகிய நட்பு எங்களுடையது. படிப்பு முடிந்து அவர் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணினிப் பராமரிப்புப் பணியில் சேர்ந்தார். சேர்ந்து ஐந்து வாரங்களே ஆகியிருந்த நிலையில், ஒரு செவ்வாய்க்கிழமை ஃபஜ்ரு வேளையில் அவருடைய வாப்பா வஃபாத்தானார்கள். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

செய்தி அறிந்து உடனே பேசினேன். “அல்ஹம்துலில்லாஹ், நான் நன்றாக இருக்கிறேன். நீ படிப்பைப் பார்” என்றார். அந்த அமைதிதான் எனக்குக் கவலையளித்தது. நம் நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போர் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். அது கைக்கு வர நாள்கள் கடந்தன. மூன்றாம் வெள்ளிக்கிழமை இரவுதான் என்னால் புறப்பட முடிந்தது. “துக்கம் கேட்பது மூன்று நாள்களுக்குள்தானே? இப்போது போய் என்ன பயன்?” என்றார் விடுதித் தோழர் ஒருவர். வெளியூரில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு இல்லை என்று ஆலிம்கள் சொல்லக் கேட்டிருந்தேன். அதை அவருக்கும் சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

பாலத்துக்கு அப்பால்

கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இரவுப் பேருந்து விடியலுக்குமுன் ஜொகூர் பாருவை அடைகிறது. அங்கே இறங்கி மலேசியக் குடிநுழைவு. பிறகு 1924இல் திறக்கப்பட்ட, ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்தைக் கடந்து சிங்கப்பூர்க் குடிநுழைவு. அந்த நேரத்திலேயே இருசக்கர வாகனங்கள் ஆயிரக்கணக்கில் அணிவகுத்து நின்றன. வீடு ஒரு நாட்டிலும் வேலை மறு நாட்டிலுமாக அன்றாடம் வந்து போகும் மக்கள் அவர்கள். பாலத்துக்கு இப்பால் ரொட்டி சானாய் என்பது அப்பால் ரொட்டி பிராட்டா ஆகிவிடுகிறது. மாவும் கல்லும் அதேதான்.

கடற்கரைச் சாலையில் பேருந்து நின்றபோது நண்பர் காத்திருந்தார். ஸலாம் சொல்லித் தழுவிக்கொண்டோம். வழியெல்லாம் கோத்து வைத்திருந்த ஆறுதல் மொழிகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. “ஜமாஅத்துக்கு நேரமாகிறது, வா” என்று அவர்தான் என் பையை வாங்கிக்கொண்டார்.

ஃபஜ்ரு தொழுதது சுல்தான் பள்ளிவாசலில். இன்றுள்ள கட்டடம் 1932இல் நிறைவு பெற்றது. வெளிச்சம் வந்தபின் அதன் பொன்னிறக் குவிமாடத்தின் அடிப்பகுதியைச் சுட்டிக் காட்டினார். அங்கே கருநிறப் பட்டையாகத் தெரிவன கண்ணாடிப் புட்டிகளின் அடிப்பாகங்கள். செல்வர்கள் பொருள் கொடுத்துக் கட்டிய பள்ளியில் ஏழைகளுக்கும் பங்கு இருக்கட்டும் என்று, அவர்கள் கொடுத்த புட்டிகளைக் குவிமாடத்தின் அடியில் பதித்தார்களாம். கொடுக்க ஒன்றுமில்லை என்று யாரும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை என்பதை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது.

குச்சுப் பள்ளி

அன்று பகல் முழுவதும் நடந்தோம். வழிகாட்டியைப்போல் பேசிக்கொண்டே வந்தார். வாப்பாவைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் இல்லை. நானும் கேட்கவில்லை.

சவுத் பிரிட்ஜ் சாலையில் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல் இருக்கிறது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களை அங்கே சூலியா என்று அழைத்தனர். ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிக நிலையம் அமைத்தது 1819இல். நம்மவர்கள் அந்தப் பள்ளியை நிறுவியது 1826இல். ஏழே ஆண்டுகள்! அடுத்த ஆண்டில் அதன் அருகிலேயே மாரியம்மன் கோயில் எழுந்தது. எண்கோண மினாராக்களும் கோபுரமும் இன்றும் ஒரே சாலையில் அண்டை வீட்டாராக நிற்கின்றன.

அங்கிருந்து சிறிது தூரத்தில் தெலுக் ஆயர் தெரு. வானளாவும் வங்கிக் கட்டடங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கும் இத்தெருதான் ஒரு காலத்தில் கடற்கரை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலைத் தூர்த்து நிலமாக்கியதால் கரை தள்ளிப் போய்விட்டது. பாய்க்கப்பலில் வந்தவர்கள் இறங்கிய இடம் அது. உயிரோடு கரை சேர்ந்ததற்கு நன்றியாகச் சீனர்கள் தம் கடல் தெய்வத்துக்கு எழுப்பிய கோயில் அங்கே இருக்கிறது. அது 1842இல் கட்டி முடிந்தது. நாகூர் தர்காவின் நினைவாக நம்மவர்கள் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய கட்டடமும் அத்தெருவில்தான். இரண்டுக்கும் அருகே அல் அப்ரார் பள்ளிவாசல் இருக்கிறது. 1827இல் அது வெறும் கூரைக் குடிசை. ஆகவே அதற்குத் தமிழில் குச்சுப் பள்ளி என்று பெயர். செங்கற்கட்டடம் வந்தது 1850களில். குடிசை போய் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் பெயர் போகவில்லை.

அங்கே லுஹர் தொழுதோம். தொழுகை முடிந்து, சுவரோரம் அமர்ந்தபின் நண்பர் சொன்னார்: “வாப்பா இங்கேதான் உட்காருவார்களாம்.”

எனக்கு அதுவரை தெரியாது. 1980களில் அவருடைய வாப்பா ஒன்பது ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்திருக்கிறார்கள். அருகே ராஃபிள்ஸ் பிளேசில், நம்மவர் ஒருவரின் நாணய மாற்றுக் கடையில் வேலை. பகல் தொழுகை குச்சுப் பள்ளியில். 1984இல் அவர்களின் வாப்பா ஊரில் வஃபாத்தானபோது மறுநாள் பிற்பகல்தான் தந்தி கைக்கு வந்ததாம். அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கடை முதலாளி அன்று கடையை அரை நாள் அடைத்துவிட்டு, மூன்று நாள்களும் தம் வீட்டிலிருந்து சோறு அனுப்பினாராம். “நான் புறப்படும்போது வாப்பா சொன்னார்கள்: சிங்கப்பூரில் எத்தனையோ சம்பாதித்தேன், மறக்க முடியாதது அந்த மூன்று நாள் சோறுதான் என்று.”

பிறகு தம்முடைய செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். வேலைக்குப் போகும் ரயிலில் செய்தி வந்தது. திருச்சிக்கு விமானம் நான்கு மணி நேரம். அங்கிருந்து கீழக்கரைக்கு இன்னும் சில மணி நேரம். “நீ வந்து சேர இரவாகிவிடும். மையித்தைக் காக்க வைக்க வேண்டாம், மகனே. இருந்த இடத்திலிருந்து துஆச் செய்” என்று உம்மாவே சொல்லிவிட்டார்கள். அடக்கத்தை மச்சான் கைப்பேசியில் காட்டினார். அலுவலக மாடிப்படியில் நின்று மண் தள்ளுவதைப் பார்த்திருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு பேர் சேர்ந்து தங்கியிருக்கும் வீடு அவருடையது. அன்றைய சமையல் முறை அவருக்கு. திரும்பி வந்து ஆறு பேருக்கும் உலை வைத்திருக்கிறார். களைத்து வந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று ஒன்றும் சொல்லவில்லை. இஷாவுக்குப் பின் இமாம் காயிப் ஜனாஸா தொழுகையை அறிவித்தபோதுதான், உடன் சென்ற அறைத்தோழருக்கே தெரிந்ததாம்.

அபிசீனியாவில் மன்னர் நஜ்ஜாஷி மறைந்தபோது மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் தொழுத தொழுகையை ஆதாரமாகக் கொண்டு, தொலைவில் இறந்தவருக்காகத் தொழுவதை ஷாபிஈ மத்ஹபு அனுமதிக்கிறது. எங்கள் ஹனஃபி மத்ஹபில் அது இல்லை. விடுதியறையில் இதைப் பற்றி எத்தனையோ இரவுகள் வாதிட்டிருக்கிறோம். அன்று வாதம் எழவில்லை. அந்தச் சுவரோரத்தில் அவர் துஆ ஓத, நான் ஆமீன் சொன்னேன்.

லாத்தா சொன்ன பக்குவம்

திரும்பும் வழியில் தேக்கா சந்தைக்குப் போகலாம் என்றேன். “இன்று இரவு உன் வீட்டு அடுப்பு என் பொறுப்பு” என்று சொன்னபோது முதல் முறையாகச் சிரித்தார். விடுதியில் நான் வைத்த சோற்றின் பதம் அவருக்குத் தெரியும்.

கீழக்கரை வீடுகளில் வைக்கும் புளியாணத்தைப் பற்றி அவர் சொல்லிக் கேட்டிருந்தேனே தவிர, வைக்கத் தெரியாது. பள்ளபட்டிக்குப் பேசினேன். என் அம்மாவுக்கும் தெரியவில்லை. “நீ காய்கறி வாங்கு, நான் கேட்டுச் சொல்கிறேன்” என்று, முன்பின் பார்த்திராத நண்பரின் லாத்தாவுக்குக் கீழக்கரைக்குப் பேசிவிட்டார்கள். உம்மா இத்தாவில் இருந்தபடி உள்ளறையிலிருந்து அளவு சொல்ல, லாத்தா அதை என் அம்மாவுக்குச் சொல்ல, அம்மா எனக்குக் குரற்பதிவாக அனுப்பினார்கள். புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம், பூண்டு தட்டிப் போட்டு, நுரை கட்டும்போது இறக்கிவிட வேண்டும். கொதிக்க விட்டால் கெட்டது. வெள்ளைச் சோறு, புளியாணம், பொரித்த மீன் – அவ்வளவுதான்.

ஏழு பேரும் தரையில் அமர்ந்தோம். அறைத்தோழர்களில் இருவர் நம்மவர்கள். மற்றவர்கள் கும்பகோணத்துக்காரர் இருவரும் நாகர்கோவில் கிறிஸ்தவ இளைஞர் ஒருவரும். நண்பர் முதல் கவளத்தை எடுத்துவிட்டுச் சற்று நேரம் அசையாமல் இருந்தார். “உம்மா வைப்பதுபோல் இருக்கிறது” என்றார். அதற்குமேல் பேச முடியவில்லை. பதினெட்டு நாள்களாக உள்ளே நின்றிருந்த கண்ணீர் அப்போது வந்தது. யாரும் எழுந்து போகவில்லை. அழாதே என்றும் சொல்லவில்லை. நாகர்கோவில் இளைஞர் தண்ணீர்க் குவளையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். சிறிது நேரம் கழித்து நண்பரே, “மீன் ஆறுகிறது, சாப்பிடுங்கள்” என்றார். அன்றிரவு வெகுநேரம் வாப்பாவைப் பற்றியே பேசினார். அவர்களின் கோபம், கணக்கு எழுதும் நேர்த்தி, பெருநாளன்று பேரப்பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் காசு கொடுக்கும் முறை எல்லாம் வந்தன. சிரிப்பும் அழுகையும் மாறி மாறி வந்தன. துக்கம் கேட்பது என்ற சொல்லின் பொருள் எனக்கு அன்று விளங்கிற்று. துக்கம் கேட்கப் போகிறவன் பேச வேண்டியது மிகக் குறைவு. கேட்க வேண்டியதே மிகுதி.

ஞாயிறன்று ஓய்வெடுத்தோம். மாலையில் தேக்கா வட்டாரம் தமிழ்நாட்டுத் தொழிலாளர்களாலும் வங்காளதேசத் தொழிலாளர்களாலும் நிரம்பி வழிந்தது. ஒவ்வொருவர் காதிலும் கைப்பேசி. மறுமுனையில் எங்கோ ஒரு வீடு. இரவு பேருந்து ஏறி, திங்கள் காலை வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தேன்.

வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்

கடல் கடந்து பிள்ளைகளை அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம் சமுதாயத்தில் ஏராளம். அன்று தந்தி தாமதித்தது. இன்று நொடியில் செய்தி போகிறது. ஆனால் செய்தியோடு சேர்ந்து சோறு போவதில்லை. கைப்பேசியில் வரும் நூறு அனுதாப வரிகளைப் படித்து முடித்தபின்னும் அந்தப் பிள்ளை தன் முறைக்கு உலை வைக்க வேண்டியவனாகவே இருக்கிறான்.

ஆகவே பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மகன் இருக்கும் நகரத்திலும் பக்கத்து நகரங்களிலும் இருக்கும் நம் பிள்ளைகளின் எண்களை ஒரு தாளில் எழுதி வைத்திருங்கள். ஊரில் ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், அந்த வீட்டுக்குச் சோறு அனுப்பும் கையோடு, அவ்வீட்டுப் பிள்ளை இருக்கும் ஊரிலுள்ள உங்கள் மகனுக்கும் பேசி, “போய்ப் பார்த்து வா, ஒரு வேளை சமைத்துக் கொடு” என்று சொல்லுங்கள். பயணம் இரண்டு மணி நேரமானாலும் இரண்டு நாளானாலும் அது வீணாகாது. பக்குவம் தெரியாவிட்டால் வீட்டுப் பெண்கள் சொல்லித் தருவார்கள்.

கடற்கரையில் இறங்கிய சில ஆண்டுகளுக்குள், தமக்குப் பின் வருவோர் தனித்து நிற்கக் கூடாது என்று ஒரு கூரையாவது போட்டுவைத்தார்கள் நம் முன்னோர்கள். நாம் பள்ளி கட்ட வேண்டியதில்லை. ஒரு வார இறுதியைக் கொடுத்தால் போதும். பிரிந்து வாழும் நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் உறவாக இருக்க அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.