மூன்று கணினிகளும் ஒரு வாக்கெடுப்பும்

அரசறிவியல் படிக்கிறவளுக்குச் செய்மதியோட என்ன வேலை எண்டு கேட்பீங்கள். போன தவணை பனிப்போர் பற்றிய ஒப்படைக்காக அணுகுண்டுச் சோதனைகளை வாசிக்கப் போய்த்தான் நான் டெல்ஸ்டாரிடம் மாட்டுப்பட்டேன். இந்தக் கதையை பொறியியல் பீடத்துப் பெடியளுக்கு மட்டும் விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

டெல்ஸ்டார் 1 ஒரு தொலைத்தொடர்புச் செய்மதி. 77 கிலோ, ஒரு பெரிய பந்து மாதிரி, உடம்பெல்லாம் 3,600 சூரியக் கலங்கள். அத்திலாந்திக்கின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு நேரடித் தொலைக்காட்சிப் படத்தை முதன்முதலில் கடத்தியது இதுதான். விண்வெளியில் இயற்கையாகவே கதிர்வீச்சு வளையங்கள் இருக்கின்றன என்பது 1958 இலேயே தெரிந்துவிட்டதால், அதைச் செய்த ஆக்கள் அந்தக் கலங்களைச் செயற்கை நீலமாணிக்கத் தகடுகளால் மூடியிருந்தார்கள். (இரத்தினபுரி ஆக்கள் கவனிக்கவும்.) 1962 யூலை 10 இல் அது மேலே போனது.

அதற்கு முதல் நாள், யூலை 9 இல், அமெரிக்கா பசிபிக்கில் ஜோன்ஸ்டன் தீவுக்கு மேலே 400 கிலோமீற்றர் உயரத்தில் 1.4 மெகாதொன் அணுகுண்டொன்றை வெடிக்க வைத்திருந்தது. அந்தச் சோதனைக்குப் பெயர் ஸ்டார்ஃபிஷ் பிறைம். நட்சத்திர மீனாம்! குண்டுக்குப் பெயர் வைக்கிறவர்களின் ரசனையைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதலாம். ஆயிரம் கிலோமீற்றருக்கும் அப்பால், ஹவாயில் தெருவிளக்குகள் சில அணைந்தன. ஆனால் பெரிய சேதம் மேலேதான். வெடிப்பிலிருந்து வந்த இலத்திரன்கள் பூமியின் காந்தப்புலத்தில் சிக்கி, கலைந்து போகாமல் ஒரு புது வளையமாகச் சுற்றத் தொடங்கின. டெல்ஸ்டாரின் பாதை அதற்குள்ளால் போனது. போதாக்குறைக்கு ஒக்டோபரில் சோவியத்தும் தன் பங்குக்கு உயரத்தில் குண்டு வெடித்தது.

நவம்பரில் டெல்ஸ்டார் கட்டளைகளைக் கேட்காமல் விட்டது. இனி யோசிச்சுப் பாருங்கோ: ஒருத்தரும் கை வைக்க ஏலாத உயரத்தில் நிற்கிற சாமானைத் திருத்த வேணும். பெல் ஆய்வுகூடப் பொறியியலாளர்கள் அதே மாதிரி டிரான்சிஸ்டர்களை நிலத்தில் வைத்துக் கதிர்வீச்சைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். மேற்பரப்பில் மெல்ல மெல்ல மின்னேற்றம் சேர்வதுதான் நோய். மின்னழுத்தத்தைக் கொஞ்ச நேரம் எடுத்துவிட்டால் தேறுகிறது. சரி, ஆனால் மின்னை நிறுத்து எண்டு சொல்லுறதுக்கும் செய்மதிக்குக் காது வேணுமே. அதனால் கட்டளைத் துடிப்புகளின் வடிவத்தை மாற்றி, பழுதான பகுதியைச் சுற்றிப் போகிற மாதிரி ஒரு கட்டளையைச் செய்து அனுப்பினார்கள். 1963 ஜனவரியில் அது மறுபடி கேட்டது. பெப்ரவரி 21 இல் ஒரேயடியாக நின்றுபோனது.

இது மெல்லக் கொல்கிற வகை. இன்னொன்று ஒரு நொடியில் நடப்பது. வேகமாக வரும் ஒரேயொரு துணிக்கை சிப்புக்குள்ளால் ஊடுருவிப் போகும்போது ஒரு மின்னேற்றக் கோடு விட்டுப் போகும். அந்த இடத்தில் பூச்சியம் ஒன்றாகிவிடும். எதுவும் உடையாது, புகையும் வராது. கணக்கு மட்டும் பிழைக்கும். 2003 இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பீக் என்ற இடத்துத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு இருக்க முடியாத அளவு வாக்கு விழுந்தது. சரியாக 4,096 கூட. இரண்டைப் பன்னிரண்டு தரம் பெருக்கினால் வருகிற எண் அது, அதாவது ஒரேயொரு இலக்கம் புரண்டிருக்கிறது. விண்வெளித் துணிக்கையாக இருக்கலாம் என்று சந்தேகித்தார்கள், நிரூபிக்கவில்லை.

நிலத்திலேயே இப்படி என்றால் மேலே? உலோகத்தால் மூடினால் எல்லாம் நிற்காது. வேகம் கூடிய துணிக்கைகள் அதையும் துளைத்து வரும். ஆகவே பிழை வரத்தான் போகிறது என்று வைத்துக்கொண்டே வடிவமைக்கிறார்கள். ஒரு வழி: ஒரே கணக்கை மூன்று சுற்றுகளிடம் கொடுத்து வாக்கெடுப்பது. இரண்டு பேர் சொல்வது விடை.

இதை வாசித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பெரும்பான்மை சொன்னால் சரி என்பதை இந்த நாட்டில் தமிழச்சியாய்ப் பிறந்துவிட்டு அப்படியே விழுங்க ஏலாது. 1956 இல் பாராளுமன்றத்தில் எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. ஆனால் பொறியியலாளர்கள் எண்ணிக்கையை மட்டும் நம்பவில்லை. மூன்றும் ஒன்றையொன்று பாதிக்காமல், தனித்தனியாகப் பிழை விட்டால்தான் அந்த வாக்கெடுப்புக்கு அர்த்தம். அதற்காக மூன்றையும் தள்ளித் தள்ளி வைக்கிறார்கள், ஒரு துணிக்கை இரண்டைத் தாக்காதபடி. மூன்றுக்கும் ஒரே மென்பொருள் வழு இருந்தால் மூன்றும் ஒற்றுமையாகப் பிழையான விடையைச் சொல்லும், வாக்கெடுப்பு அதற்கு முத்திரை குத்தும். தோற்றதை என்ன செய்வார்கள் என்றும் தேடினேன்: வென்றவர்களின் விடையை அதற்குள் எழுதி மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். அந்த இடத்தோட உவமையை விட்டிட்டன். மனிசர் சேர்க்கிட் இல்லை.

2019 யூனில் எங்கட நாட்டு ராவணா 1 சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்டது. கையில் தூக்கலாம், ஒரு கிலோ சொச்சம். இந்த அளவுச் செய்மதிகள் பெரும்பாலும் கடையில் வாங்குகிற சாதாரணப் பாகங்களை வைத்தே செய்யப்படுகின்றன. கதிர்வீச்சைத் தாங்கவென்றே செய்த சிப்புகளின் விலைக்குக் கிட்டவும் போக ஏலாது. அது சரிவருவதற்குக் காரணம், அந்த உயரத்தில் காந்தப்புலம் பெரும்பாலும் காப்பாற்றுகிறது. அந்த உயரம் எவ்வளவு தெரியுமோ? கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர், ஸ்டார்ஃபிஷ் வெடித்த அதே உயரம். அங்கே இன்றைக்கு ஒருத்தரும் குண்டு வெடிக்காமல் இருப்பதும் ராவணாவைக் காப்பாற்றிய கவசம்தான். அதை எந்த ஆய்வுகூடமும் செய்யவில்லை. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச்சோதனை செய்வதில்லை என்று அமெரிக்கா, சோவியத், பிரித்தானியா மூன்றும் 1963 ஓகஸ்ட் 5 இல் மொஸ்கோவில் கையெழுத்திட்டன. டெல்ஸ்டார் பேச்சை நிறுத்தி அப்போது ஐந்தரை மாதம்.