வரைபடம் சொல்லும் முடிவு

கொங்கு வட்டாரத் தமிழாய்வேடுகளில் அண்மைக்காலமாக வரைபடங்கள் பெருகி வருகின்றன. தரவுகளைக் கணினியில் இட்ட அளவிலேயே வண்ணப்படம் கிடைத்துவிடுவதால், எத்தரவுக்கு எவ்வடிவம் பொருந்தும் என்னும் வினா பின்தள்ளப்படுகிறது. கோவையில் நெறியாளராகப் பணியாற்றும் எனக்கு இஃது அழகு பற்றிய சிக்கலாகத் தோன்றவில்லை. ஆய்வு முடிவையே திருப்பிவிடும் ஆற்றல் படத்துக்கு உண்டு என்பதை இரண்டு வரைவுகள் எனக்கு உணர்த்தின.

முதலாவது, அகநானூற்றின் திணைப் பகுப்பு. பாலை 200, குறிஞ்சி 80, முல்லை, மருதம், நெய்தல் ஆகியவை தனித்தனியே 40 என்னும் எண்களை மாணவி ஒருவர் வட்ட வரைபடமாக்கியிருந்தார். வட்டத்தின் சரிபாதியைப் பாலை நிறைத்தது. சங்கப் புலவர்கள் பிரிவையே பெரிதும் விரும்பிப் பாடினர் என்று அவர் முடிவுரைத்தார். ஆனால், ஒற்றைப்படை எண்கள் பாலை, 2, 8 என முடிவன குறிஞ்சி, 4 முல்லை, 6 மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல் என்பது அந்நூலின் அடைவு. அவ்விகிதம் தொகுப்பு நெறியின் விளைவு. திணைக்கு நூறாக அமைந்த ஐங்குறுநூற்றை இவ்வாறு வரைந்தால் ஐந்து சமகூறுகளே தோன்றும். அதைக்கொண்டு புலவர்கள் ஐந்திணையையும் ஒப்ப விரும்பினர் எனல் பொருந்துமா?

நூல், திணை, பாடல் எண்ணிக்கை, அடைவுமுறை என்னும் நான்கு நிரல்கள் கொண்ட அட்டவணையாக மாற்றுமாறு கூறினேன். மாற்றியதும் பழைய முடிவு தானே விலகியது. தொகுப்பாளர் பாலைக்குப் பாதியிடம் வகுத்தது ஏன் என்னும் புதிய வினா எழுந்தது. அவருடைய இயல் அவ்வினாவின்மீதே மீண்டும் எழுதப்பட்டது.

இரண்டாவது, ‘என்னுடைய’ என்னும் பொருளில் ‘என்ற’ வழங்குவது பற்றிய கள ஆய்வு. கொடுமணல், சூலூர், திருப்பூர், பேரூர் என ஊர்களை அகரவரிசையில் நிறுத்தி, வழக்கின் விழுக்காட்டைக் கோட்டு வரைபடத்தால் இணைத்திருந்தார் மற்றொரு மாணவர். நொய்யலின் போக்கில் பேரூரே முதலில் வரும். கொடுமணல் இறுதியில் வரும். இரு முனைகளும் இடம் மாறியதால் கோட்டின் ஏற்ற இறக்கம் பொருளற்றதாயிற்று. கோடு தொடர்ச்சியை உணர்த்துவது; காலமோ தொலைவோ அச்சில் முறையாக அமைந்தாலன்றி அதனைப் பயன்படுத்தலாகாது. தனித்தனி ஊர்களை ஒப்பிடப் பட்டை வரைபடம் போதும். பரவலைக் காட்ட நிலப்படமே ஏற்றது. ஊருக்கு எட்டுத் தகவலாளரே எனில், ஒருவர் மாறினாலும் 12.5 விழுக்காடு மாறும். அங்கே விழுக்காட்டைத் தவிர்த்து, எண்ணிக்கையை அட்டவணையில் தருவதே நேர்மை.

இப்போது வரைவு எதனைப் பெற்றாலும் மூன்று வினாக்களை முதலில் எழுப்புகிறேன். இவ்வெண்கள் எவ்வாறு உருவாயின? அச்சிலுள்ள வரிசை யாரால் வகுக்கப்பட்டது? படத்தை நீக்கிவிட்டால் முடிவு நிற்குமா? மூன்றாவது வினாவுக்கு விடையில்லாத படம் ஆய்வேட்டில் இடம்பெற வேண்டியதில்லை.