ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ரோட்டர்



அரையாண்டு கணக்குப் பரீட்சை அன்று எங்கப்பா வெறும் பனியனோடு வந்து ஜன்னலில் நின்றதை நிறைய பேர் பார்த்தீர்கள். "உங்கப்பா எதுக்குடி வந்தாரு?" என்று இன்னும் கேட்கிறீர்கள். ஒவ்வொருத்தருக்கா சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு வெள்ளை அம்பாசடர் கார் இருக்கிறது. 1986 மாடல், பெட்ரோல் வண்டி. 1994-இல் மஞ்சள் விற்ற பணத்தில் எங்க அப்பாரு பழைய வண்டியாக வாங்கியது. இந்தக் காரை மேற்கு வங்காளத்தில் உத்தர்பாரா என்ற ஊரில் செய்தார்கள். 2014-இல் நிறுத்திவிட்டார்கள். "போனா வராது" என்று அப்பா அடிக்கடி சொல்வார். ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்குப் பத்துப் பேர் அதில் நெருக்கி உட்கார்ந்து போவோம். அப்பாரு இறந்த அன்று ஆஸ்பத்திரியில் இருந்து அவரைக் கொண்டு வந்ததும் அதில்தான். பின் சீட்டில் அப்பத்தா மடியில் தலை வைத்து. இப்பவும் வெள்ளிக்கிழமையானால் அப்பத்தா அந்த பானட்டுக்கு மஞ்சள் குங்குமம் வைக்கும்.

எங்களுக்கு ஷெட் கிடையாது. வேப்பமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடி நிறுத்துவோம். ஐப்பசியில் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன யானை வண்டி ராத்திரியோடு ராத்திரியாகக் காணாமல் போனது. அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கமே இல்லை. எங்கள் காருக்கு தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும்தான். திருட்டுப் போனால் அதில் ஒரு ரூபாய் கூட வராதாம். சாவியும் தேய்ந்து போய், வேறு சாவி போட்டால் கூடக் கதவு திறக்கும்!

அப்பா மரத்தில் லைட் கட்டினார். ஸ்டியரிங்கையும் பிரேக் பெடலையும் சேர்த்துச் சங்கிலி போட்டுப் பூட்டினார். எங்கள் நாய் மணியையும் அங்கேயே கட்டினோம். (அது போஸ்ட்மேனைப் பார்த்தால்தான் நன்றாகக் குரைக்கும்.) இதெல்லாம் போக, எஞ்சினில் இருந்து ரோட்டரைக் கழற்றி வைக்க ஆரம்பித்தார்.

ரோட்டர் என்பது கட்டை விரல் அளவு சாமான். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் சுற்றிக்கொண்டே, காயிலில் இருந்து வரும் கரண்டை நாலு பிளக்குக்கும் வரிசையாகக் கொடுக்கும். அது இல்லை என்றால் சாவி போட்டாலும், ஒயரைத் தொட்டாலும் எஞ்சின் சுற்றுமே தவிர ஸ்டார்ட் ஆகாது. டீசல் வண்டியில் இது கிடையாது. தினமும் ராத்திரி அப்பா கழற்றித் துடைத்து என் கையில் தருவார். நான் அரிசி டின்னுக்குள் புதைத்து வைப்பேன். காலையில் அவரே எடுத்துக்கொள்வார். அது என் வேலை என்று எனக்கு ரொம்பப் பெருமை.

கார்த்திகையில் ஒரு நாள் விடிந்து பார்த்தால் கார் கதவு திறந்து கிடக்கிறது. சங்கிலி அறுந்து கிடந்தது. டேஷ் போர்டுக்கு அடியில் ஒயர் தொங்குகிறது. கார் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கிறது! அப்பா என் தலையைத் தடவி, "உன் அரிசி டின்னுதான் காப்பாத்துச்சு கண்ணு" என்றார்.

அதோடு விட்டிருக்கலாம். என் தம்பி கடையில் போய் எல்லாரிடமும் அரிசி டின்னு கதையைச் சொல்லிவிட்டான். எனக்குப் பயம் வந்துவிட்டது. பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி ரோட்டரை எடுத்து என் ஜாமெட்ரி பாக்ஸில் போட்டேன். காலையில் சொல்லிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தேற்றத்தை முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டேன்.

ஒன்பதரை மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் பிரசவ வலி வந்துவிட்டது. எங்கள் தெருவில் கார் என்றால் எங்களுடையதுதான். அப்பா டின்னில் கையை விட்டுத் துழாவி, பிறகு அரிசி முழுவதையும் தரையில் கொட்டிவிட்டார். 108-க்கு போன் செய்யச் சொல்லிவிட்டு, சட்டை கூடப் போடாமல் டி.வி.எஸ்.ஸில் இங்கே வந்தார்.

அவரை ஜன்னலில் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காம்பஸ் எடுக்கத் திறந்த பெட்டியில் ரோட்டர் கிடக்கிறது. ஹாலில் இருந்த டீச்சரே அதை வாங்கி அவரிடம் கொடுத்தார்கள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. அதற்கப்புறம் நான் போட்ட வட்டம் வட்டமாகவே இல்லை.

அவர் வீடு போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் வந்து அக்காவைக் கூட்டிப் போய்விட்டது. மதியம் பெண் குழந்தை, இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள் என்று சேதி வந்தது. எனக்கு அது சாயங்காலம்தான் தெரியும். அதுவரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்குப் போனால் அப்பாவும் அப்பத்தாவும் தரையில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அம்மாதான், "திருடனும் எடுக்க முடியல, நாமளும் எடுக்க முடியல. நல்லாத்தான் காவல் காத்தே போ" என்றது. நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து அப்பா முறத்தை என் பக்கம் தள்ளி, "பரீட்சை எப்படி எழுதினே?" என்று கேட்டார். அப்போதுதான் அழுதேன்.

அக்காவையும் பாப்பாவையும் ஆஸ்பத்திரியில் இருந்து எங்கள் காரில்தான் கூட்டி வந்தோம். முன்னால் உட்கார்ந்து வந்தது நான்.

இப்போது அப்பா இன்னொரு ரோட்டர் வாங்கிவிட்டார். வண்டியில் வேறு ஒரு சுவிட்சும் வைத்திருக்கிறார். அதெல்லாம் எங்கே இருக்கிறது என்று இந்தச் சுவரில் எழுத மாட்டேன். தம்பிக்கும் சொல்லவில்லை.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு