இலவசப் புத்தகத்துக்குச் செய்யும் மரியாதை

பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை எப்போதாவது திருப்பிப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? அங்கே ஒரு பெயர்ப் பட்டியல் இருக்கும். பாடம் எழுதியவர்கள், மேலாய்வு செய்தவர்கள், படம் வரைந்தவர்கள், பக்கம் வடிவமைத்தவர்கள் என்று நீளும். பேராசிரியர்களோடு, அரசு மேல்நிலைப் பள்ளிகளில் தினமும் சாக்பீஸ் பிடிக்கும் முதுகலை ஆசிரியர்களும் அதில் இருப்பார்கள். 2018-19இல் புதிய பாடத்திட்டம் வந்தபோது அவர்கள் உழைத்துச் செய்த புத்தகம் அது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கைக்கு வருகிறது. மற்றவர்கள் தமிழ் வழி, ஆங்கில வழி இரண்டையும் இணையத்திலிருந்து பிடிஎஃப் ஆக இறக்கிக்கொள்ளலாம். உறையூர்ப் பிள்ளைக்கும் சிங்கப்பூர்ப் பிள்ளைக்கும் ஒரே புத்தகம், ஒரே நிமிடத்தில்.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் மாலையில் என்னிடம் இயற்பியல் கேட்க வருவார்கள். ஒவ்வொருவர் ஃபோனிலும் இந்தப் புத்தகம் இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகங்களும் இருக்கின்றன. "எல்லாம் ஃப்ரீ தாத்தா, செம புக்!" என்பார்கள். எந்தப் பாடம் வரை வந்தாய் என்று கேட்டால் சிரிப்புதான் பதில். புத்தகத்தைப் பாராட்டுகிறார்கள், சரி. பாராட்டு அங்கேயே நின்றுவிடுகிறதே என்பதுதான் என் கவலை.

நாங்கள் படித்த காலத்தில் நல்ல இயற்பியல் புத்தகம் நூலகத்துக் கண்ணாடி அலமாரிக்குள் இருக்கும். வீட்டுக்குத் தர மாட்டார்கள். மணி அடிக்கும் வரை உட்கார்ந்து கணக்குகளை நோட்டில் எழுதிக்கொண்டு வருவோம். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை. புத்தகம் கிடைக்காமலேயே படிப்பை விட்ட கெட்டிக்காரர்களை எனக்குத் தெரியும். பற்றாக்குறை யாரையும் அறிவாளி ஆக்குவதில்லை. ஆனால் கையால் எழுதியதால் ஒவ்வொரு வரியிலும் நின்றோம். அந்த நிற்றல் உங்களுக்கும் வேண்டும் என்கிறேன்.

ரிச்சர்ட் ஃபைன்மன் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்காவில் கால்டெக்கில் 1961 முதல் 1963 வரை இளநிலை மாணவர்களுக்கு அவர் நடத்திய இயற்பியல் வகுப்புகள் மூன்று தொகுதிகளாக அச்சாயின. 2013இலிருந்து அவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். அந்தப் புத்தகத்தின் மேல் உலகத்துக்கே ஒரு பக்தி உண்டு. எனக்கும் உண்டு.

1975இல் ஒரு கல்லூரி மாணவி அந்த ஃபைன்மனுக்குக் கடிதம் எழுதினாள். இரண்டாம் தொகுதியில், மூடிய கடத்தி ஒன்றின் உள்ளே மின்னூட்டங்களை எப்படி வைத்தாலும் வெளியே மின்புலம் உண்டாகாது என்று அச்சாகியிருந்தது. அதை நம்பி அவள் தேர்வில் எழுதினாள். ஆசிரியர் மதிப்பெண் தரவில்லை. காஸ் விதியை வைத்துப் பாருங்கள், பிளஸ் டூ பிள்ளைகளுக்கே புரியும். உள்ளே நேர் மின்னூட்டம் வைத்தால், அதே அளவு நேர் மின்னூட்டம் கடத்தியின் வெளிப்பரப்பில் வந்து நிற்கும். வெளியே புலம் இருந்தே தீரும். கடத்தியைப் பூமியோடு இணைத்தால்தான் அந்த வெளிப்பரப்பு மின்னூட்டம் வடியும்.

ஃபைன்மன் பதில் போட்டார். உன் ஆசிரியர் செய்ததுதான் சரி, நீ புத்தகத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறாய், பிழை என்னுடையது, பூமியோடு இணைத்த கடத்தியை மனதில் வைத்து எழுதியிருப்பேன், ஆனால் என்னை நம்பியது உன் பிழை, அறிவியலில் சொல்லும் ஆளைப் பார்க்காதே, வாதத்தைப் பார். இதுதான் அந்தக் கடிதத்தின் சாரம். நோபல் பரிசு வாங்கிப் பத்து வருடம் ஆன மனிதர், முகம் தெரியாத ஒரு மாணவிக்கு இப்படி எழுதுகிறார். "உங்கள் புத்தகம் பிரமாதம்" என்று வந்த எந்தக் கடிதத்தை விடவும் அந்தப் பெண்ணின் கடிதம் அந்தப் புத்தகத்துக்கு உபகாரம் செய்திருக்கிறது. அவளைப் போல வாசகர்கள் கண்டு எழுதிய பிழைகளையெல்லாம் சேர்த்துத்தான் 2005இல் திருத்திய பதிப்பு வந்தது. இன்று நீங்கள் காசில்லாமல் படிப்பது அந்த வாசகர்களும் சேர்ந்து செப்பனிட்ட புத்தகத்தை.

இப்படிக் கடிதம் எழுதிய மாணவர் நம் ஊரிலும் உண்டு. திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்த சி.வி. ராமன் பதினெட்டு வயதில், சென்னை மாநிலக் கல்லூரி மாணவராக இருந்தபோதே, லண்டன் ஆய்விதழ் ஒன்றில் ஒளி விளிம்பு விளைவு பற்றிக் கட்டுரை வெளியிட்டார். பிரிட்டிஷ் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்குக் கடிதமும் எழுதினார். பதில் எழுதிய ராலே, எதிரில் இருப்பவர் மாணவர் என்று தெரியாமல் 'பேராசிரியர்' என்றே விளித்தார் என்று வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அந்த மரியாதை கடிதத்தின் தரத்துக்குக் கிடைத்தது.

பிழை கண்டுபிடிக்கிற அளவுக்கு எனக்கு என்ன தெரியும் என்று பின்வாங்காதீர்கள். தனி ஊசல் பாடத்தை எடுங்கள். உத்தரத்திலோ ஜன்னல் கம்பியிலோ ஒரு மீட்டர் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். லேசாக இழுத்து விட்டு, ஃபோனில் ஸ்டாப்வாட்ச் வைத்து 20 அலைவுகளை எண்ணுங்கள். 40 வினாடிக்குப் பக்கத்தில் வர வேண்டும். வாய்ப்பாட்டில் போட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.8 கிடைக்க வேண்டும். போன மாதம் ஒரு பெண் குழந்தைக்கு 9.5 வந்தது. புத்தகம் தப்பு என்றாள். எழுதி வை, ஆனால் முதலில் நீளத்தை எங்கிருந்து எங்கே அளந்தாய் என்று பார் என்றேன். முடிச்சிலிருந்து பூட்டின் தலை வரைக்கும் அளந்திருந்தாள். பூட்டின் எடை மையம் இன்னும் 3 சென்டிமீட்டர் கீழே இருக்கிறதே! அதைச் சேர்த்ததும் 9.8 வந்துவிட்டது. பிறகு அவளாகவே கேட்டாள்: "குண்டின் மையம் வரை அளக்கணும்னு இன்னும் பெரிய எழுத்துல போட்டா என்ன தாத்தா?" அந்தக் கேள்வியைத்தான் புத்தகம் எழுதியவர்களுக்கு அனுப்பச் சொன்னேன். ஒரு மாணவி எங்கே தடுக்கி விழுகிறாள் என்பது எழுதுகிறவருக்கு வேறு எப்படித் தெரியும்?

ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்த எழுத்தாளர் சுஜாதா, ஜூனியர் விகடனில் எழுதிய 'ஏன்? எதற்கு? எப்படி?' முழுக்க முழுக்க வாசகர்களின் கேள்விகளால் ஆனது. அவர்கள் அனுப்பிய கேள்விகள் இல்லையென்றால் அந்தப் புத்தகமே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். எந்த இலவசப் புத்தகம் உங்களுக்கு உதவியதோ, அதில் ஒரு பாடத்தையாவது பேப்பர், பேனாவோடு முழுக்கப் போட்டுப் பாருங்கள். பிறகு எழுதியவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்தப் பக்கம், எந்த வரி, உங்களுக்கு என்ன விடை வந்தது, எந்த இடத்தில் புரிந்தது, எந்த இடத்தில் புரியவில்லை என்று எழுதினால் போதும். பள்ளிப் புத்தகம் என்றால் சென்னை கல்லூரிச் சாலையில் இருக்கும் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதலாம். தமிழில் எழுதுங்கள், தயங்க வேண்டாம். உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைக்கு அந்தப் பக்கம் இன்னும் தெளிவாகக் கிடைக்கும்.