மொட்டை மாடி யாருக்கு?

வறண்ட வெயிலால் பட்டாசும் தீப்பெட்டியும் வளர்ந்த ஊர் சிவகாசி. அந்த வெயிலில் வாடகைக்கு இருக்கிறவருக்கு மட்டும் பங்கில்லை. 2024-ல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் 3 கிலோவாட் சோலாருக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் கூரை சொந்தமாக இருக்கணும். மாடி வீட்டுக்காரருடையது, கரண்ட் பில் குடியிருப்பவருடையது. பிறகு வீட்டுக்காரர் ஏன் பணம் போடுவார்? சிக்கலே இங்கேதான்.

டெல்லியில் 2019-லேயே ஒரு வழி கண்டார்கள்: ஒரே சோலார் அமைப்பின் யூனிட்டுகளைப் பல இணைப்புகளின் பில்லில் கழிக்கலாம். காம்பவுண்டு வீடுகள் நிறைந்த நம்மூருக்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

வீட்டு உரிமையாளர்களே, மாடியில் சோலார் போடுங்கள். பில்லில் மிச்சமாவதில் பாதியை வாடகையோடு வாங்கிக்கொள்ளுங்கள், மீதியைக் குடியிருப்பவருக்கு விடுங்கள்.