உபயக் கவுண்டர் போனுக்கு ஏன் பின் நம்பர்?



இந்த மாதத்திலிருந்து உபயக் கவுண்டரில் பதிவு செய்யாத போனை ஆபீஸ் கணினி சேர்ப்பதில்லை. பதிவு செய்த போனிலும் பின் நம்பர் கேட்கிறது. சிலருக்கு இதில் மனவருத்தம். "இருபது வருஷமா இந்தக் கோயில்ல பூ கட்டுறேன், என்னையே யாருன்னு கேக்குதா?" என்று ஓர் அக்கா நேரிலேயே கேட்டுவிட்டார். நியாயமான கேள்விதான். நாங்கள் எஸ்.பி.எம். முடித்து, செனாயில் தொழிற்சாலை ஷிப்ட் பார்க்கிற ஆள். கணினி படிக்கும் நம் கோயில் பிள்ளைகள் சொல்லித் தந்ததை எங்களுக்குப் புரிந்த மாதிரி எழுதுகிறோம்.

ஆபீஸ் கணினியில் ஒரு வாசல் எப்போதும் திறந்திருக்கும். அதற்கு சர்வர் சாக்கெட் என்று பெயர். போன் தட்டும்: "வரலாமா?" கணினி சொல்லும்: "வாங்க, கேக்குதா?" போன் சொல்லும்: "கேக்குது." மூன்று சொல்லில் இணைப்பு கிடைத்துவிடும். உடனே கணினி அந்தப் போனுக்கென்று தனியாக ஒரு சாக்கெட்டைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டு, வாசலில் அடுத்தவருக்குக் காத்திருக்கும். வாசலில் நிற்கும் தொண்டூழியர் இடத்தை விட்டு நகராமல், வந்தவரை வேறொருவர் அழைத்துப் போவாரே, அதே மாதிரி. இந்த ஏற்பாடு 1983-ல் பெர்க்லி பல்கலைக்கழகம் வெளியிட்ட 4.2 பிஎஸ்டியில் வந்தது. இன்றும் அப்படியேதான் ஓடுகிறது.

கவனிங்க, இவ்வளவு நடந்தும் வந்தவர் யார் என்று கணினிக்குத் தெரியாது. கதவு திறந்தது, அவ்வளவுதான். எங்கள் தொழிற்சாலையிலும் கார்டு ஹவுஸில் விசிட்டர் பாஸ் வாங்கியவர் கேன்டீன் வரை வரலாம், மெஷின் ரூமுக்கு வேறு கார்டு வேண்டும். கோயில் வைஃபை பாஸ்வேர்ட் சமையல்காரருக்கும் தெரியும், நாதஸ்வரக் குழுவுக்கும் தெரியும். உபயப் பதிவேட்டிலோ பெயர், ஐசி நம்பர், போன் நம்பர், கொடுத்த தொகை எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஒருத்தன் வயசான அம்மாவுக்கு "கோயில்ல இருந்து பேசுறோம்" என்று போன் போட்டால் யார் நம்பமாட்டார்கள்?

அதனால் கதவு திறந்த பிறகு, பதிவேட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன்பே, இரண்டு பக்கமும் அடையாளம் காட்ட வேண்டும். முதலில் ஆபீஸ் கணினி தன் சான்றிதழைப் போனிடம் காட்டும். பலர் இதை மறந்துவிடுகிறோம். போலி வங்கிப் பக்கத்தில் ஏமாறுவது இங்கேதான்: நாம் யார் என்று சொல்லிவிடுகிறோம், எதிரில் இருப்பது யார் என்று பார்ப்பதில்லை. (ஏமாந்தது தெரிந்தால் உடனே 997-க்கு அழையுங்கள், தாமதிக்காதீங்க.) அடுத்து போன் தன் சான்றிதழைக் காட்டும். கடைசியில் ஆளுக்குப் பின் நம்பர்.

போனுக்குப் போன் தனிச் சான்றிதழ் ஏன்? தைப்பூசக் கூட்டத்தில் ஒரு போன் தொலைந்தால் அந்த ஒன்றை மட்டும் நீக்கிவிடலாம். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்றால் திருவிழா நடுவில் எல்லாப் போனையும் மாற்ற வேண்டும், கவுண்டர் வரிசை ரோடு வரை போய்விடும்.

இன்னொன்று. பத்து வினாடிக்குள் அடையாளம் காட்டாவிட்டால் கணினி இணைப்பைத் துண்டித்துவிடும். கோபப்படாதீங்க, திரும்பத் தட்டினால் போதும். பேசாமல் நிற்பவர்களே இடத்தை அடைத்துக்கொண்டால் மற்றவர் வர முடியாது. 1996 செப்டம்பரில் நியூயார்க்கில் பானிக்ஸ் என்ற இணையச் சேவை நிறுவனத்தை இப்படித்தான் முடக்கினார்கள். பொய் முகவரியிலிருந்து "வரலாமா" என்று ஓயாமல் தட்டிவிட்டு, மூன்றாவது சொல்லைச் சொல்லவே இல்லை. அரைகுறை இணைப்புகளால் வரிசை நிரம்பி, உண்மையான வாடிக்கையாளர்கள் வெளியே நின்றார்கள்.

அக்காவிடம் நாங்கள் சொன்னது: "உங்கள யாருன்னு கேக்கல அக்கா, உங்க போன் இப்ப யார் கையில இருக்குன்னு கேக்குது." சிரித்துவிட்டு, பேரன் பிறந்தநாளையே பின் நம்பராக வைக்கப் பார்த்தார். அது மட்டும் வேண்டாம் என்று மாற்ற வைத்தோம்.

பதிவு செய்யாத தொண்டூழியர்கள் வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு முன் ஆபீஸுக்குப் போனோடு வாங்க. ஐந்து நிமிஷ வேலை. சார்ஜ் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு வாங்க, ஆபீஸில் ஒரே ஒரு பிளக்தான் இருக்கு.