மகள் கேட்ட கணக்கு

பிறந்தநாள் கொண்டாடுவது எங்கள் வீட்டு வழக்கமல்ல. கேக் வெட்டலாம் என்று யாராவது சொன்னால் முதலில் மறுப்பவள் மகள்தான். இந்த மாதம் அவளுக்கு 32 வயதாகிறது. எவரிடமும் சொல்லாத ஒன்றை அவளுக்காக எழுதிவைக்க வேண்டும் போலிருக்கிறது.

நாங்கள் ஓட்டமாவடிக்காரர். கிழக்கில் பெண்பிள்ளை பிறந்ததுமே தகப்பன் கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்கிவிடுவான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியேறுவார். அதற்கு மேல் ரொக்கமாகக் கைக்கூலி. ரயிலும் வாகனமும் ஒரே தடத்தில் மாறிமாறிப் போன பழைய பாலத்தால் சைக்கிளில் சாமான் ஏற்றிக் கடை நடத்தியவன் நான். அந்த வருமானத்தில்தான் அவளுக்கு வீடு கட்டினேன்.

மகளுக்கு ஆசிரிய நியமனம் கிடைத்த அடுத்த வருடம் சம்பந்தமொன்று வந்தது. மாப்பிள்ளைக்கு அரச உத்தியோகம். வீட்டுடன் 10 இலட்சம் காசு என்றார்கள். கடையை ஈடு வைக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, மகள் மறுத்துவிட்டாள்.

"ஆம்பிளைதானே வாப்பா மஹர் குடுக்கணும்?"

மஹரைப் பெண்களுக்குக் கொடுத்துவிடச் சொல்லும் அந்நிஸா அத்தியாயத்தின் நான்காம் வசனம் எனக்கும் தெரியும். "ஊர்நடப்பு ஒண்டு இரிக்கு மகள்" என்று சத்தம் போட்டேன்.

அவள் குரலை உயர்த்தவில்லை. "நீங்க உம்மாட வாப்பாக்கிட்ட எவ்வளவு எடுத்தீங்க?"

குசினியில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது.

25,000 ரூபாய். 1989இல் அது பெரிய காசு. மாமா ஒரு ஏக்கர் வயலை விற்றுத்தான் தந்தார். அதில்தான் நான் கடை திறந்தேன்.

மகள் உள்ளே போய் 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் பிரதியொன்றைக் கொண்டுவந்தாள். கைக்கூலிக்கு அதில் விளக்கம் இருக்கிறது: மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள். காதியிடம் முறையிட்டு மனைவி அதை மீட்கவும் முடியும்.

"அது உம்மாட காசு வாப்பா. உங்களுக்கிட்ட அமானிதமாத் தந்தது."

மிச்சக் காசு கொடுக்க மறந்தால் வாடிக்கையாளருக்குப் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தவன் நான். இந்த அமானிதம் மட்டும் ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

சம்பந்தம் முறிந்தது. இரண்டு வருடம் வேறொன்றும் வரவில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் ஆட்கள் என்னிடம் துக்கம் விசாரிப்பதுபோல் பேசினார்கள். இரவுகளில் மகள் தூங்காமல் கிடந்ததை நானறிவேன். ஆனால் தன் சொல்லை அவள் மாற்றவில்லை. பிறகு ஒருவர் வந்தார். காசு கேட்கவில்லை, மஹரைக் கையில் கொடுத்து மணம் முடித்தார். வீட்டில் தம்பிக்கும் பங்கு எழுதவைத்த பிறகே மகள் அதில் குடியேறினாள்.

அடுத்த மாதம் என் மனைவியின் பெயரில் வங்கிக் கணக்கொன்று திறந்தேன். மாமா விற்ற வயலின் இன்றைய விலையை விசாரித்து, அந்தத் தொகையைக் கடை வருமானத்திலிருந்து மாதாமாதம் கட்டிவந்தேன். "இந்த வயசில எனக்கெதுக்கு?" என்றாள் மனைவி. ஆனால் வங்கிப் புத்தகத்தை வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

இந்த மாதம் கடைசித் தவணையைக் கட்டிவிட்டேன். பிறந்தநாளன்று மகளிடம் சொல்ல என்னிடமுள்ள செய்தி அதுதான். மாமா மௌத்தாகிப் பல வருடங்கள். அவருடைய கபுரடியில் நின்று ஸலாம் சொல்லும்போது இனி என் தலை குனியாது. அல்லாஹ் என் மகளுக்கு நீண்ட ஆயுளைத் தரட்டும்.